ஆட்டோவில் விடவும்

கீழே சலூனில் ஒரு மனிதர் பாதித் தலையோடு எழுந்து நின்றதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எப்படியும் சலூன் மாஸ்டர் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

நான் செய்தது பெரிய காரியமொன்றும் இல்லை. மாடி அறையில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் ஒரு சோதனை புரோகிராமைத் திறந்து, 'தொடங்கு' என்ற பட்டனை அழுத்தினேன். பிராசஸரை மூச்சு முட்ட ஓடவிட்டு, தாங்குகிறதா சாகிறதா என்று பார்க்கும் புரோகிராம் அது. விசிறிகள் உறுமின. திரையில் வெப்பம் எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்றேழு என்று ஏறியது. நான் "அடடே" என்றேன். அந்த அடடே முடிவதற்குள் திரை இருண்டது. விசிறி நின்றது. கீழே ஹேர் டிரையரும் ஏசியும் ஒன்றாக மூச்சை விட்டன. பிறகு வந்த அமைதியில் ஒரு குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "யோவ், என்னய்யா ஆச்சு?"

இந்தக் கட்டடத்துக்கு வயரிங் செய்த புண்ணியவான் என் பின்னறையையும் சலூனையும் ஒரே லைனில் கோத்துவிட்டுப் போயிருக்கிறார். இத்தனை காலம் அது யாருக்கும் தெரியாது. நானும் அப்படியொன்றும் கரண்ட் இழுக்கிற ஆள் இல்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மாஸ்டர் கையில் சீப்போடு வந்தார். அவருக்குப் பின்னால், கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு அந்த வாடிக்கையாளர். வலது பக்கத்திலிருந்து பார்த்தால் மேனேஜர், இடது பக்கத்திலிருந்து பார்த்தால் தேடப்படுபவர்.

"சார், மேல ஏதாவது பட்டறை போட்டிருக்கீங்களா?" என்றார் மாஸ்டர்.

"கம்ப்யூட்டர்தான் மாஸ்டர்."

"கம்ப்யூட்டர் எங்க வீட்லயும்தான் இருக்கு. அது ஊர் கரண்டை எல்லாம் குடிக்கறதில்லையே."

"எனக்கு இன்டர்வியூ இருக்கு," என்றார் பாதித் தலை.

"மேசைக்குக் கொஞ்சம் சைடா உக்காந்துக்குங்க, தெரியாது," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே முதலுதவி ஜோக். ரத்தம் வந்தாலும் அதைத்தான் தடவுவேன்.

*

வீட்டு உபயோக இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவது என் தொழில். வாஷிங் மெஷின், மிக்சி, தரை துடைக்கும் இயந்திரம். 'இயந்திரம் ஓடவில்லையா? பிளக் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும்' என்ற அமர வாக்கியத்தை எழுதியவர்களில் நானும் ஒருவன். என் எழுத்து எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. ஒருவர்கூடப் படித்ததில்லை. எந்த எழுத்தாளனுக்கும் இவை இரண்டும் சேர்ந்து வாய்த்திருக்காது.

என் எழுத்தில் எனக்கே பிடித்த வரி ஒன்று உண்டு. வாஷிங் மெஷின் கையேட்டின் நாலாம் பக்கத்தில் வரும்: 'சந்தேகம் இருந்தால் ஆட்டோவில் விடவும்.' என்ன துணி, எவ்வளவு அழுக்கு, எவ்வளவு தண்ணீர் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்று பொருள். கம்பெனி மாறினாலும் அந்த வரியை விடாமல் எழுதிவந்திருக்கிறேன்.

வீட்டில் நான் மட்டும்தான். மகள் தூரத்து ஊரில் வேலை பார்க்கிறாள். அவளுடைய அம்மா வேறொரு ஊரில், வேறொருவரோடு, நன்றாக இருக்கிறாள். அவர்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்கும் கையேடு நான் எழுதியதாக இருக்கலாம். கேட்டுப் பார்த்ததில்லை.

மகளுக்குப் போன் செய்தால் எடுக்கமாட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு மெசேஜ் வரும்: 'வேலைல இருக்கேன்பா, அப்புறம் பேசறேன்.' அந்த அப்புறம் எப்போதாவது வரும். வரும்போது நான் இரண்டு ஜோக் சொல்வேன், அவள் "சரிப்பா" என்பாள், போன் கட்டாகிவிடும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்து லாரி எனக்கு முக்கியமாக இருந்தது.

லாரி என்றால் விளையாட்டு. அவள் அங்கே அவளுடைய கம்ப்யூட்டரில், நான் இங்கே அவள் விட்டுப்போன கம்ப்யூட்டரில். மலைப்பாதையில் ஒரு சரக்கு லாரி. ஒருவர் ஓட்ட வேண்டும், மற்றவர் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். அவள் டிரைவர், நான் கிளீனர். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல், "வலது, நேரா, பாலத்துக்கு அப்புறம் இடது" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். நடுவில் அவள் ஏதாவது சொல்வாள். மேலதிகாரி தும்மினால் ஆபீஸே ஆடுகிறது, வாங்கிய செருப்பு கடிக்கிறது, இந்த மாதிரி. ஒரு அப்பனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

சிக்கல் என்னவென்றால் என் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. அவள் கல்லூரியில் படிக்கும்போது தன் கையாலேயே பூட்டிய பெட்டி. விளையாட்டோ ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கனத்துக்கொண்டே போகிறது. என் திரையில் லாரி வளைவுக்கு வரும்போது அவள் திரையில் வளைவைத் தாண்டியிருக்கும். நான் "இடது!" என்று கத்தும்போது அவள் ஆற்றுக்குள் இருப்பாள். இந்தப் பின்தங்கலுக்கு லாக் என்று பெயராம்.

"என்ன கிளீனர், தூக்கமா?" என்பாள்.

"டிரைவர் சம்பளம் தரலியே."

முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்புக் குறைந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் லாரியை ஊர ஊர ஓட்ட ஆரம்பித்தாள். சில சமயம் நிறுத்தியே விடுவாள். சலித்துப்போய் கையில் போனை எடுத்துப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியாக ஆடிய ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

"அடுத்த வாரம் வருவியாம்மா?"

"பார்க்கலாம்பா."

"லீவுக்கு வீட்டுக்கு?"

"அதையும் பார்க்கலாம்பா."

பார்க்கலாமில் பல ரகம் உண்டு. குழாய் ரிப்பேர்காரர் சொல்கிற பார்க்கலாமுக்கு இன்று வரமாட்டேன் என்று அர்த்தம். ஆபீஸ் மேனேஜர் சொன்னால் நீ சொன்னது காதிலேயே விழவில்லை என்று அர்த்தம். மகளுடைய பார்க்கலாம் எனக்குப் பிடிபடாத ரகம். அது பின்பக்கமாக நடந்து அறையை விட்டு வெளியே போகிறவரின் குரல் மாதிரி இருந்தது.

கையேடு எழுதுகிறவன் மூளை ஒரே விதமாகத்தான் ஓடும். இடப்பக்கம் குறை, வலப்பக்கம் தீர்வு. குறை: மகள் வர யோசிக்கிறாள். காரணம்: கம்ப்யூட்டர் மந்தம். தீர்வு: வேகத்தைக் கூட்டவும்.

அப்படித்தான் ஓவர்கிளாக்கில் இறங்கினேன். கம்பெனி ஒரு வேகம் குறித்து அனுப்பிய பிராசஸரை அதற்குமேல் அடித்து ஓட்டுவதற்கு அந்தப் பெயர். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதே ஒரு பட்டனைத் தட்டினால் பயாஸ் என்று ஒரு திரை வரும். பெட்டியின் அடிவயிற்றுச் சமாசாரம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதில் வேகம் என்ற இடத்தில் நாலு புள்ளி இரண்டு என்று இருந்தது. நான் ஐந்து என்று போட்டேன். மற்ற கட்டங்களில் என்னென்னவோ எழுதியிருந்தது. ஒன்றும் புரியாததால் அவற்றைத் தொடவில்லை. எல்லாம் ஆட்டோ என்றுதான் இருந்தன. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பாதித் தலை.

*

மாஸ்டர் நல்ல மனிதர். மறுநாளே சமாதானமாகி மேலே வந்தார். கையில் ஒரு மீட்டர். பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் செருகினால் எவ்வளவு வாட் இழுக்கிறது என்று காட்டும். தன் ஏசி மேல் சந்தேகப்பட்டு வாங்கியதாம்.

"இதை மாட்டிட்டு ஓட்டுங்க சார். யார் திருடன்னு தெரிஞ்சுடும்."

மாட்டி ஓட்டினோம். சும்மா இருக்கும்போது எழுபது வாட். சோதனையைத் தொடங்கியதும் நானூற்றைத் தொட்டது. மாஸ்டர் மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் சார், இது என்ன சமைக்குது உள்ள?"

"என்னைத்தான் மாஸ்டர்."

அன்று நாங்கள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். சோதனைக்கு முன்னால் மகளுடைய பழைய கிரிக்கெட் மட்டையின் பிடியால் நான் தரையைத் தட்ட வேண்டும். அவர் துடைப்பக் கட்டையால் கீழிருந்து கூரையில் ஒரு தட்டுத் தட்டினால் 'சரி, ஓட்டு.' இரண்டு தட்டினால் 'டிரையர் ஓடுது, பொறு.' போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று யாரும் கேட்கலாம். அவர் இரண்டு கையிலும் வேலை இருக்கும், போனை எங்கே எடுப்பது? கட்டை என்றால் உதவியாளர் எட்டி ஒரு குத்துக் குத்திவிடுவார்.

பிறகு வைத்தியம் தொடங்கியது. பெட்டியைத் திறந்தேன். பிராசஸருக்கும் அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் கூலருக்கும் நடுவே ஒரு பசை பூச வேண்டும், சூடு அதன் வழியாகத்தான் கூலருக்குப் போகும். பழைய பசை காய்ந்து பொரிந்திருந்தது. துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசினேன். பட்டாணி அளவு போதும் என்று எழுதியிருந்தது. நான் பல் தேய்க்கிற கணக்கில் பிதுக்கினேன். அது நாலு பக்கமும் வழிந்து, அதைத் துடைப்பதிலேயே ஒரு பனியன் போயிற்று.

விசிறியைச் சுத்தம் செய்யும்போது அதன் அச்சில் ஒரு முடி சுற்றியிருந்தது. நீளமான முடி. என்னுடையதில்லை, எனக்கு அந்த வசதி போய் ரொம்ப நாளாகிறது. அவள் இந்தப் பெட்டியை மடியில் வைத்துப் பூட்டிய காலத்தில் விழுந்திருக்க வேண்டும். அறுபடாமல் மெதுவாகச் சுற்றைப் பிரித்து எடுத்தேன். குப்பையில் போடக் கை வரவில்லை. மேசையில் இருந்த பேனா டப்பாவுக்குள் வைத்தேன். கீழே தினமும் கூடை கூடையாக முடி அள்ளிக் கொட்டுகிறார்கள், மேலே ஒருவன் ஒற்றை முடிக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறான்.

பசை மாற்றியும் தொண்ணூற்றைந்து. கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"இவ்வளவு சூடு சாதாரணமா?"

"சாதாரணம்னும் சொல்லலாம் சார்."

"அப்ப பயப்பட வேண்டாமா?"

"பயப்படாம இருக்கவும் முடியாது."

கடைசியில் என் தலையில் பெரிய கூலர் ஒன்றைக் கட்டினார். இரண்டு விசிறி வைத்த, சின்னக் கட்டடம் போன்ற வஸ்து. அதை மாட்டிய பிறகு பெட்டியின் பக்கக் கதவு மூடவில்லை, திறந்தபடியே விட்டேன். வெப்பம் நாலைந்து டிகிரி இறங்கியது. மீட்டரில் வாட் மட்டும் அசையவே இல்லை. சத்தமோ, விமானம் ஓடுபாதையில் நின்று யோசிக்கிற சத்தம்.

இணையத்தில் ஒரு மன்றத்தில் விவரம் எழுதிக் கேட்டேன். ஒருவர் 'உங்கள் அறை வெப்பம் என்ன?' என்று கேட்டார். இன்னொருவர் 'எனக்கும் இப்படித்தான்' என்றார். மூன்றாமவர் வீட்டுக்குத் தீ பிடிக்கும் என்றார். அவருக்குப் பதில் சொல்வதுபோல் நாலாமவர், தீ பிடிக்காது, ஆனால் பிடித்தாலும் ஆச்சரியமில்லை என்றார். ஐந்தாவதாக ஒருவர் மிக மரியாதையாக, 'தங்களுக்கு எதற்காக ஓவர்கிளாக் தேவைப்படுகிறது?' என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத ஆரம்பித்தேன். எழுதி, அழித்து, எழுதி, 'சும்மா ஒரு ஆசைதான்' என்று அனுப்பினேன்.

அந்த ஞாயிறு அவள் வரவில்லை. 'இந்த வாரம் முடியலப்பா' என்று மெசேஜ் வந்தது. கூடவே ஒரு கைகூப்பும் பொம்மை.

அந்த வாரம் முழுக்க இருமுறை தட்டு, ஒருமுறை தட்டு என்று ஓடியது. ஒரு நாள் சோதனை எதுவும் இல்லை. கையேடு வேலையும் முடிந்திருந்தது. வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்து சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. மட்டையை எடுத்துத் தரையில் தட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கீழிருந்து ஒரு தட்டு: சரி, ஓட்டு. எதை ஓட்டுவது? மட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

*

அதற்கடுத்த ஞாயிறு அவள் லாரிக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சலூனில் கூட்டம் நெரியும். அதனால் மத்தியானமே கீழே போய் மாஸ்டரிடம் சொல்லிவைத்தேன். "ஒரு மணி நேரம் மட்டும் டிரையர் வேண்டாம் மாஸ்டர், மகளோட பேசணும்."

"பேசறதுக்கு நானூறு வாட்டா சார்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, டிரையரை ஓட்டித்தான் ஆகணும்னா ரெண்டு தட்டு தட்டறேன், நிறுத்திக்குங்க," என்றார்.

ஹெட்செட்டை மாட்டினேன். லாரி கிளம்பியது. முதல் வளைவு. என் திரையில் வளைவு தெரிந்த அதே கணத்தில் "இடது" என்றேன். அவள் திருப்பினாள். அடுத்தது வலது. அதுவும் சரியாக. பாலம், சுரங்கம், செங்குத்து இறக்கம், ஒன்றிலும் பிசகவில்லை. என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"என்னப்பா, கிளீனர் புது ஆளா?"

"பழைய ஆளுதான். பூஸ்ட் குடிச்சிருக்கான்."

"அதென்ன பின்னாடி சத்தம்? வாஷிங் மெஷின் உள்ள உக்காந்திருக்கியா?"

"ஆமா, உலர்த்திட்டு இருக்கேன்."

சிரித்தாள். பழைய சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காக ஒரு கூலர் என்ன, நாலு மாட்டலாம் என்று தோன்றியது.

அப்போதுதான் வெப்பம் நூறைத் தொட்டது. பிராசஸர் ரொம்பச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதன் உயிர் அதற்கு. என் திரையில் லாரி விக்கி விக்கி நகர்ந்தது, முன்பைவிட மோசம். "இடது" என்றேன். அவள் அந்த இடதைத் தாண்டிப் போய் எவ்வளவோ நேரமாகியிருந்தது. ஒரு பெரிய 'தொபக்' கேட்டது.

"ஆறுப்பா," என்றாள்.

விசிறிகள் உச்சத்தில் அலறின. அந்த அலறலிலும் ஹெட்செட்டிலும் கீழிருந்து வந்த இரண்டு தட்டுகள் எனக்குக் கேட்கவில்லை. மூன்று நாலு முறை தட்டியதாக மாஸ்டர் பிறகு சத்தியம் செய்தார். கல்யாணத்துக்குப் போக வேண்டிய அம்மா ஒருவர் ஈரத் தலையோடு எத்தனை நேரம்தான் பொறுப்பார்? டிரையரைப் போட்டிருக்கிறார்கள். எல்லாம் இருண்டது.

ஹெட்செட்டைக் கழற்றிய போது படியில் செருப்புச் சத்தமும் மேசையில் போன் மணியும் சேர்ந்து வந்தன. போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னப்பா ஆச்சு? கட்டாயிடுச்சு."

"ஒண்ணுமில்லம்மா, லாரிக்கு டயர் பஞ்சர்."

"பாப்பா!" என்று வாசலிலிருந்தே கூப்பிட்டார் மாஸ்டர். அவளுடைய முன்முடியைப் பல வருஷம் வெட்டியவர் அவர், அந்த உரிமை. "நான் சலூன் மாமா பேசறேன். உங்கப்பா மேல என்ன பண்றார்னு நீயாவது கேளும்மா. அந்தப் பொட்டியை என்னமோ பண்ணி நானூறு வாட்டு இழுக்குது. ஏன்னு கேட்டா ஜோக் அடிக்கறாரு. போன தடவை ஒருத்தர் பாதித் தலையோட இன்டர்வியூ போனாரு."

"வேலை கிடைச்சுதா?" என்றேன்.

"பார்த்தியா!" என்றார் மாஸ்டர் போனைப் பார்த்து.

"அப்பா," என்றாள் மகள். "ஓவர்கிளாக் பண்ணியா?"

மாஸ்டர் என் சார்பில் தலையை ஆட்டினார். போனில் அது தெரியாது என்று உறைத்ததும், "ஆமாம்மா, அதேதான், அந்த வார்த்தைதான் சொன்னாரு," என்றார். "சரி, நான் கீழ போறேன். ஸ்விட்சைத் தூக்கி விடறேன். அந்தம்மா தலையை ஃபேன்லயே காய வெச்சுக்கறோம், இனிமே நீங்க ஓட்டுங்க. பாப்பா, உங்கப்பா ஜோக் அடிச்சா போனை வெச்சுடாதே."

கரண்ட் வந்தது. மகள் போனில் சொல்லச் சொல்ல, பட்டனைத் தட்டி பயாஸ் திரைக்குப் போனேன்.

"என்ன தெரியுது?"

"சிவப்பா நிறைய எழுத்து. பரீட்சை பேப்பர் மாதிரி."

"கோர் வோல்டேஜ்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு."

"எதிர்ல என்ன போட்டிருக்கு?"

"ஆட்டோ."

"ஸ்பீடை அஞ்சுக்கு ஏத்திட்டு வோல்டேஜை ஆட்டோல விட்டியா?"

"சந்தேகம் இருந்தால் ஆட்டோவில்..."

"அது துணிக்குப்பா!"

அவள் என் கையேட்டைப் படித்திருக்கிறாள். வேறு சமயமாக இருந்தால் இதைக் கொண்டாடியிருப்பேன்.

"இங்க பாரு," என்றாள். "ஒவ்வொரு பிராசஸர் சிப்புக்கும் ஒவ்வொரு அளவு வோல்டேஜ் போதும். உன் சிப்புக்கு எவ்வளவு போதும்னு, அதைச் செருகியிருக்கற அந்த போர்டுக்குத் தெரியாது. ஸ்பீடு ஏறிடுச்சு, நடுவுல நின்னு மானம் போயிடக் கூடாதுன்னு பயந்துகிட்டு, வேணுங்கறதுக்கு மேல அள்ளிக் கொடுக்கும். கொடுத்ததெல்லாம் சூடாத்தான் போகும். நீ எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும் வாட்டு குறையாது. சூடு கூலர்ல இல்ல, குடுக்கறதுல இருக்கு."

"பாசக்கார போர்டும்மா."

"பாசமெல்லாம் இல்ல. அளவு தெரியல. ஆட்டோவை எடுத்துட்டு ஒண்ணு புள்ளி ரெண்டு ரெண்டுன்னு போடு. ஸ்பீடைக் கொஞ்சம் இறக்கு, நாலு புள்ளி எட்டு போதும். கீழ பவர் லிமிட்னு, எவ்வளவு வாட்டு இழுக்கலாம்னு ஒரு வரம்பு இருக்கும், அது திறந்து கிடக்கும். அதைக் கம்பெனி சொன்ன அளவுக்கே பூட்டிடு."

போட்டேன், பூட்டினேன். சோதனையைத் தொடங்கிய உடனே திரை நீலமாகி விழுந்தது. "பரவால்ல, அது கம்மி. ஒண்ணு புள்ளி ரெண்டு ஆறு போடு," என்றாள். போட்டேன். இந்த முறை ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. எழுபது, எழுபத்து மூன்று, எழுபத்து நாலு. அங்கேயே நின்றது. மீட்டரைப் பார்த்தேன். இருநூற்றைம்பது.

விசிறிகள் ஒவ்வொன்றாகக் குரலை இறக்கின. இத்தனை வாரமாக அந்த அறையில் என்னோடு குடியிருந்த சத்தம் போனதும், அறை பெரிதாகிவிட்டது போலிருந்தது. போனில் அவள் பக்கத்து ஓசைகள் கேட்டன. யாரோ கதவைத் திறந்து அவளிடம் ஏதோ கேட்கிறார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, "அப்பாகூட பேசிட்டிருக்கேன், இதோ வரேன்," என்கிறாள். எனக்குத் தெரியாத ஒரு வீடு. அதில் அவளுக்காகக் காத்திருக்கிற நான் பார்த்திராத ஆட்கள்.

கீழிருந்து ஒரு தட்டு வந்தது. கரண்ட் நிற்கவில்லையே, எல்லாம் சரியா என்று கேட்கிறார். குதிகாலால் தரையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"அது என்னப்பா?"

"சலூன் மாமா. அவர் பாஷை." பிறகு சொன்னேன், "இனிமே லாக் இருக்காது. அடுத்த ஞாயிறு ஆத்துல விழ மாட்டோம்."

"பார்க்கலாம்பா."

வாயில் ஒரு ஜோக் தயாராக இருந்தது. நல்ல ஜோக்கும்கூட. பேனா டப்பாவில் அந்த முடி சுருண்டு கிடந்ததைப் பார்த்தேன். ஜோக்கை விழுங்கினேன்.

"பார்க்கலாம்னா என்னம்மா? எனக்குப் புரியல. லாரிக்கு வருவியா, மாட்டியா? லீவுக்கு வீட்டுக்கு வருவியா, மாட்டியா? எதுவானாலும் சொல்லிடு."

"வரலப்பா," என்றாள். "லீவுக்கு வரல. வேலை மாறப் போறேன், புது இடத்துல இந்த வருஷம் லீவு கிடையாது. சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். சொன்னா நீ ஒரு ஜோக் சொல்லுவே. அந்த ஜோக்கைக் கேட்டுட்டு எனக்கு ரெண்டு நாள் சாப்பாடே இறங்காது. அதான் பார்க்கலாம் பார்க்கலாம்னே ஓட்டிட்டிருந்தேன்."

"லாரி?"

"லாரியும் வேணாம்பா. வாரம் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டு, ஞாயித்துக்கிழமையும் அதே நாற்காலியில உக்கார முடியல. லாக் எல்லாம் காரணமே இல்ல. உனக்கு லாக் ஆகுதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். அதுக்குத்தானே ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாடி நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன்? நீ சொல்லி நான் திருப்பணும்னு."

சோதனை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எழுபத்து நாலு. அதை நிறுத்தினேன். எண் மெதுவாகக் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்கள்.

"சும்மா போன் பண்ணினா எடுப்பியா?" என்றேன். "லாரி இல்லாம. ஜோக் இல்லாம. என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியாது, சும்மாதான் இருப்பேன். அப்புறம் பேசறேன்னு மெசேஜ் போடாம, எடுப்பியா?"

"எடுப்பேன்," என்றாள்.